மானிட்டர் டிரைவருக்குக் காசு கேட்கிறார்களா? போனை வைத்துவிடுங்கள்!

பேரணாம்பட்டில் எனக்கு ஒரு தாய்மாமா இருக்கிறார். ஷூ கம்பெனிகளிடம் தோல் வாங்கி, ஷூவின் அப்பர் பகுதியை வெட்டித் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் அவருடையது. பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். போன வருஷம் வரை எல்லாக் கணக்கையும் அவர் போனிலேயே பார்த்துவந்தார். பட்டா பார்க்கணுமா, கரண்ட் பில் கட்டணுமா, எல்லாம் போன்தான். ஆனால் ஜிஎஸ்டி கணக்கு, எக்செல் ஷீட்டில் வரும் ஆர்டர் விவரம், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் என்று வேலை வந்தபோது ஆறு அங்குலத் திரை போதவில்லை. பழைய சிபியு ஒன்றையும் புதிய 22 அங்குல மானிட்டர் ஒன்றையும் வாங்கிவந்தார்.

மாட்டிப் பார்த்தால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, மங்கலாக இருக்கிறது. ஜிஎஸ்டி பக்கத்தின் கீழே இருக்கவேண்டிய பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. "மானிட்டருக்கு டிரைவர் போடணும் மாமா" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது பாதி சரி. மாமா போனை எடுத்து, மானிட்டர் பெயரைப் போட்டு 'டிரைவர்' என்று தேடியிருக்கிறார். முதலில் வந்தது ஒரு விளம்பரம், அதில் ஒரு 'கஸ்டமர் கேர்' நம்பர். கூப்பிட்டார். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினாராம். "உங்க டிரைவர் லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆயிடுச்சு சார், 499 ரூபா கட்டினா புதுப்பிச்சுத் தந்துடுவோம்" என்றிருக்கிறார். உதவிக்காக என்று சொல்லி போனில் ஓர் ஆப்பையும் ஏற்றச் சொன்னார். மாமா ஏற்றினார். அதில் தெரிந்த ஒன்பது இலக்க எண்ணையும் படித்துக் காட்டினார். 499 போனது. பத்து நிமிஷத்தில் 9,500 ரூபாய் போனது. பிறகு 14,000.

அந்த வாரம் தையல்காரப் பெண்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கூலிப் பணம் அது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் டிரைவருக்கு லைசென்ஸ் கிடையாது. அது காலாவதியும் ஆகாது. அதற்குப் பணம் கட்டும் முறையே உலகத்தில் இல்லை. அப்படியானால் மாமாவின் திரை ஏன் மங்கலாக இருந்தது? அதைத் தெரிந்துகொண்டால் இந்த மாதிரி நம்பரைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

மூன்று வேறு விஷயங்கள், ஒரே பெயர்

'மானிட்டர் சாஃப்ட்வேர்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்துகிடக்கின்றன.

ஒன்று, மானிட்டரின் சொந்த டிரைவர். இன்றைய மானிட்டர்களுக்கு இது கிட்டத்தட்டத் தேவையே இல்லை. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன நினைவகம் உண்டு. கேபிளைச் செருகியதும், "நான் இந்தக் கம்பெனி, இந்த மாடல், என் அளவு 1920-க்கு 1080, வினாடிக்கு 60 முறை படம் மாற்றுவேன்" என்று அது தானாகவே கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். அந்தத் தகவலுக்கு 'ஈடிஐடி' என்று பெயர். வீட்டுக்கு வரும் விருந்தாளி வாசலிலேயே பெயரும் ஊரும் சொல்லிக்கொள்வது மாதிரி. கம்பெனிக்காரர்கள் இணையத்தில் வைத்திருக்கும் மானிட்டர் டிரைவர் ஃபைலிலும் பெரும்பாலும் இருப்பது மாடல் பெயர், திரை அளவுகள், நிறத்துக்கான ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் உங்கள் மானிட்டர் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' என்று காட்டினால் பயப்படாதீர்கள். அது பழுது இல்லை, பொதுப் பெயர்.

இரண்டாவதுதான் முக்கியமானது. கிராஃபிக்ஸ் டிரைவர். இது மானிட்டருக்கு உரியது அல்ல, சிபியுவுக்குள் இருக்கும் படம் வரையும் சிப்புக்கு உரியது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகிய மூன்றில் ஒன்றின் சிப்தான் பெரும்பாலும் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுக்கும்போது இந்த டிரைவரைச் சில கடைக்காரர்கள் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஒரு அடிப்படை டிரைவரை வைத்துச் சமாளிக்கும். அது படத்தைக் காட்டும், ஆனால் மானிட்டரின் முழு அளவில் காட்டாமல் போகலாம். மாமாவின் மானிட்டரில் நடந்தது இதுதான். குறை மானிட்டரிலேயே இல்லை. புது மானிட்டர் கம்பெனியின் கஸ்டமர் கேரைத் தேடியதே தப்பான திசை.

மூன்றாவது, மானிட்டர் கம்பெனிகள் தரும் உதவி ஆப்கள். டெல் கம்பெனிக்கு டெல் டிஸ்ப்ளே மேனேஜர், எல்ஜிக்கு ஆன்ஸ்கிரீன் கண்ட்ரோல், சாம்சங்குக்கு ஈஸி செட்டிங் பாக்ஸ் என்று இருக்கின்றன. மானிட்டருக்கு அடியில் கைவிட்டுத் தடவித் தடவி பட்டனை அழுத்தாமல், மௌஸாலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும், திரையை இரண்டு மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளவும் இவை உதவும். எல்லாம் இலவசம். போட்டால் வசதி, போடாவிட்டாலும் மானிட்டர் ஓடும். ஆப் மானிட்டரைக் கண்டுகொள்ளவில்லை என்றால், மானிட்டரின் மெனுவுக்குள் போய் 'டிடிசி சிஐ' என்ற அமைப்பு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நேரம் அங்கேதான் விடை.

சாஃப்ட்வேருக்கு முன்னால் கேபிள்

'நோ சிக்னல்' என்று திரையில் வந்தால் உடனே சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட வேண்டாம். கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி மறுபடி செருகுங்கள். மானிட்டரில் எச்டிஎம்ஐ, விஜிஏ என இரண்டு வழி இருந்தால், எதில் கேபிள் செருகியிருக்கிறதோ அதையே மெனுவில் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். சிபியுவின் பின்பக்கம் மேலே ஒரு எச்டிஎம்ஐ துளையும், கீழே தனி கிராஃபிக்ஸ் கார்டில் இன்னொன்றும் இருந்தால், கார்டில் இருப்பதில்தான் செருக வேண்டும். படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். நானும் ஒருமுறை ஆபீசில் அரை மணி நேரம் போராடியிருக்கிறேன்.

நம் தோல் பெல்ட்டுக்கு என்று தனியாக ஒரு காரணமும் உண்டு. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டு ஒரு மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு மாவட்டம், மேல்விஷாரம் இன்னொரு மாவட்டம். ஆனால் டேனரி வாசனைக்கு எல்லை இல்லை. தோலில் இருந்து முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள் அல்லவா, அந்தச் சல்பைடு கழிவில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது அதைத்தான். வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கும் அதே வாயு, செம்பையும் அரிக்கும். கேபிளின் ஊசிகளிலும், ரேம் செருகும் இடத்திலும், சர்க்யூட் போர்டிலும் செம்பு இருக்கிறது. ஈரக்காற்றும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

அதனால் டேனரிக்கு உள்ளேயோ, கழிவு ஓடையை ஒட்டியோ கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், திரை விட்டுவிட்டு அணைந்தால் முதலில் ஊசிகளைப் பாருங்கள். கறுத்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'காண்டாக்ட் கிளீனர்' என்று ஸ்ப்ரே கிடைக்கும். பவரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே அதை அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரை லைம் யார்டுக்குப் பக்கத்து அறையில் வைக்காமல், தள்ளி, கதவு மூடும் அறையில் வைப்பது நல்லது. (இந்த வாயு மனிதர்களுக்கு ஆபத்து என்பது இதைவிடப் பெரிய விஷயம். அது தனிக் கட்டுரையாக எழுதவேண்டியது.)

விஜிஏ கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான சில விஜிஏ கேபிள்களில், மானிட்டர் தன் பெயரைச் சொல்லும் அந்த ஊசி இணைப்பே இருக்காது. அப்போது டிவைஸ் மேனேஜரில் 'ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்' என்று வரும். 'நான்' என்ற ஒரு சொல் கூடுதலாக வந்தால் கேபிளைச் சந்தேகப்படலாம். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கே மாறிவிடுங்கள்.

சரி, டிரைவரை எப்படிப் போடுவது?

ஸ்டார்ட் பட்டனில் மௌஸின் வலது பக்கத்தை அழுத்தினால் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒரு வரி வரும். அதைத் திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் வந்தால் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று வந்தால் இல்லை.

இல்லை என்றால் கூகுளுக்குப் போகாதீர்கள். விண்டோஸிலேயே செட்டிங்ஸ் போய், விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று இருக்கும். அங்கே டிரைவர் பட்டியல் இருந்தால் டிக் செய்து ஏற்றிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என்னிடம் கணக்கு இல்லை. மாமா வீட்டில் முடிந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

அதில் கிடைக்காவிட்டால், கம்ப்யூட்டரைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்துக்குப் போய், சிபியுவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். டெல், எச்பி, லெனோவா, ஏசர் எல்லாருக்கும் 'சப்போர்ட்' பக்கம் உண்டு. கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களுக்கே நேராகப் போகலாம். முகவரியை பிரவுசரின் மேல்வரியில் நீங்களே டைப் செய்யுங்கள். தேடல் முடிவில் 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் வருவது காசு கொடுத்து வைத்த விளம்பரம். அது மேலே வருவதால் மட்டும் நம்பகமானது ஆகிவிடாது. 'உங்கள் கம்ப்யூட்டரில் 37 டிரைவர்கள் பழையதாகிவிட்டன' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டி, சரிசெய்யப் பணம் கேட்கும் 'டிரைவர் அப்டேட்டர்'களும் தேவையில்லாதவை.

இப்போது ஒரு பயம் வரும். "டிரைவரை மாத்தி, திரையே கறுப்பாயிட்டா என்ன பண்றது?" நியாயமான பயம்தான். திரை அளவை மாற்றும்போது விண்டோஸ் 15 வினாடி காத்திருக்கும். நீங்கள் 'சரி' என்று உறுதி செய்யாவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அதனால் திரை இருண்டால் எதையும் தொடாமல் பதினைந்து வரை எண்ணுங்கள். வேலைக்கு நடுவில் திடீரென்று இருண்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி எழுத்தை அழுத்துங்கள். ஒரு 'பீப்' கேட்டு, திரை மினுக்கி, கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்து வைத்திருக்கும் வேலை அப்படியே இருக்கும்.

புது டிரைவர் போட்ட பிறகு விண்டோஸே ஒழுங்காக வரவில்லை என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போதே பவரை நிறுத்துவதை மூன்று முறை செய்தால், பழுதுபார்க்கும் நீலத் திரை தானாக வரும். அதில் இருந்து 'சேஃப் மோடு'க்குப் போய், டிவைஸ் மேனேஜரில் அதே அடாப்டரைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பிவிடும். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் தெரிந்த சர்வீஸ் கடைக்கு சிபியுவை எடுத்துப்போங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து வேலை பார்ப்பார், கூலி கேட்பார். அது முறையான தொழில். முகம் தெரியாத ஆள் போனில் கேட்பது வேறு.

அடிக்கடி வரும் சில தொல்லைகள்

எழுத்து மங்கல். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே. 'ரிசல்யூஷன்' வரியில் 'ரெகமெண்டட்' என்று பக்கத்தில் எழுதியிருக்கும் அளவையே வையுங்கள். எல்.சி.டி திரையின் புள்ளிகள் எண்ணி வைத்தவை. அந்த எண்ணிக்கைக்கு ஒத்துவராத அளவைக் கொடுத்தால் அது மங்கலாகத்தான் காட்டும். எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று பலர் ரிசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, அதற்கு மேலே உள்ள 'ஸ்கேல்' என்பதை 125 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், தெளிவும் குறையாது. ஆனால் ஸ்கேலை 150-க்கு மேல் வைத்தால், சில அரசு இணையப் படிவங்களின் கீழ் பட்டன் மறைந்துபோகும். அப்போது பிரவுசரில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மைனஸ் குறியை அழுத்தினால் பக்கம் சுருங்கி, பட்டன் தெரியும்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால், மானிட்டரால் தாங்க முடியாத அளவைக் கம்ப்யூட்டர் அனுப்புகிறது என்று அர்த்தம். வேறு மானிட்டரையோ டிவியையோ மாட்டி அளவைக் குறைத்துவிட்டு, மறுபடி இதை மாட்டுங்கள். டிவியை மானிட்டராகப் பயன்படுத்தும்போது நான்கு ஓரமும் வெட்டுப்பட்டால் தப்பு கம்ப்யூட்டரில் இல்லை. டிவியின் படமெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள்.

'அனைவருக்கும் இ-சேவை' திட்டத்தில் சொந்தமாக மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. பழைய மானிட்டர் ஒன்று சும்மா கிடந்தால், அதை விண்ணப்பதாரர் பக்கம் திருப்பி வையுங்கள். விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுத்தால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் தன் பெயரில் இன்ஷியல் சரியா, 'ண'வா 'ன'வா, பிறந்த தேதி சரியா என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். சமர்ப்பித்த பிறகு திருத்த அலைவதைவிட இது எவ்வளவோ மேல். அவர் விவரத்தை முடித்ததும் அடுத்தவர் உட்காருவதற்கு முன் பக்கத்தை மூடிவிடுங்கள்.

திரையில் பார்த்த 'டான்' வேறு, கையில் வந்த 'டான்' வேறு

இந்தப் பகுதி குறிப்பாக நம் ஊர்க்காரர்களுக்கு. ஃபினிஷிங் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒருவர், "வாட்ஸ்அப்ல அனுப்பின ஷேடு பார்த்துத்தான் கலர் அடிச்சோம், பையர் ரிஜெக்ட் பண்ணிட்டான்" என்று சொன்னால் நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள். ஒரே போட்டோ உங்கள் போனில் ஒரு மாதிரி, மானிட்டரில் ஒரு மாதிரி, அவர் லேப்டாப்பில் இன்னொரு மாதிரி தெரியும். காரணம், ஒவ்வொரு திரையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தன்தன் அளவில் கலக்கிறது. இதை ஒழுங்குபடுத்த 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 'எஸ்ஆர்ஜிபி' என்ற பொது அளவுகோலை உருவாக்கின. உங்கள் மானிட்டரின் மெனுவில் அந்தப் பெயரில் ஒரு மோடு இருந்தால் ஷேடு பார்க்கும்போது அதையே போடுங்கள். 'விவிட்', 'கேம்', 'சினிமா' மோடுகள் எல்லாம் கண்ணைக் கவர்வதற்காக நிறத்தைக் கூட்டிக் காட்டுபவை.

இங்கேதான் முன்பு தேவையில்லை என்று சொன்ன மானிட்டர் டிரைவர் கொஞ்சம் உதவிக்கு வருகிறது. அதனோடு வரும் 'கலர் புரொஃபைல்' ஃபைல், இந்த மாடல் நிறத்தை எப்படிக் காட்டும் என்பதை விண்டோஸுக்குச் சொல்லும். கம்பெனி தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இலவசமாக இறக்கி, விண்டோஸின் 'கலர் மேனேஜ்மெண்ட்' அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அதோடு தேடல் கட்டத்தில் 'கேலிப்ரேட் டிஸ்ப்ளே கலர்' என்று கொடுத்தால், படிப்படியாகக் கேட்டு வெளிச்சத்தையும் நிறத்தையும் சீர்செய்யும் கருவி ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. முக்கியமாக 'நைட் லைட்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அது திரை முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். மஞ்சளான திரையில் பிரவுன் ஷேடு பார்த்தால் என்ன ஆகும்?

இதையெல்லாம் செய்தாலும் திரையை மட்டும் நம்பி ஷேடு முடிவுசெய்யக் கூடாது. திரை ஒளியை உமிழ்கிறது, தோல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தோலின் பளபளப்பும் மேற்புறத் தன்மையும் படத்தில் வராது. அதுவும் போகட்டும், இரண்டு தோல் துண்டுகள் பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்து, கடை டியூப்லைட்டில் வேறு வேறு நிறமாகத் தெரிவதும் உண்டு. சாயக் கலவை வேறாக இருந்தால் இப்படி நடக்கும். அதனால்தான் கம்பெனிகளில் லைட் பாக்ஸ் வைத்து, பகல் ஒளிக்கு ஒரு விளக்கு, கடை ஒளிக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். சின்ன யூனிட்டில் லைட் பாக்ஸ் இல்லையென்றால், பையர் அங்கீகரித்த தோல் துண்டைக் கையில் வாங்கி, வாசலில் நிழலான பகல் வெளிச்சத்திலும் உள்ளே விளக்கிலும் வைத்துப் பாருங்கள். போட்டோ பேச்சுக்கு உதவும், ஒப்புதலுக்கு உதவாது.

பழைய சிபியு வாங்கும் முன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். செகண்ட்ஹேண்ட் சிபியு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போது இந்த இரண்டையும் கடைக்காரரிடம் கேளுங்கள். பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் பார்க்கப்போகும் கம்ப்யூட்டர் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

பணம் போய்விட்டால்

மாமா விஷயத்துக்கு வருகிறேன். பணம் போனது காலை பதினொரு மணிக்கு. அவர் என்னைக் கூப்பிட்டது மாலை மூன்று மணிக்கு. "வெட்கமா இருந்துச்சுப்பா" என்றார். அந்த நான்கு மணி நேரம்தான் பெரிய இழப்பு.

சைபர் மோசடி என்று தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். நாடு முழுவதற்கும் இதுதான் எண். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். எஸ்எம்எஸ்ஸையோ, பணம் அனுப்பும் ஆப்பின் ஹிஸ்டரியையோ கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போன கணக்கில் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அதை முடக்க முயற்சி எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் காசு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்திலும் புகார் செய்யலாம். உங்கள் வங்கிக்கும் தனியாகச் சொல்லி, கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. எப்போது தெரிவித்தோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதில் இருந்தே தெரியும். சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புகாருக்கு முன்னாலோ, பேசிக்கொண்டேவோ போனின் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். எதிராளியின் பிடி அறுந்துவிடும். பிறகு அந்த ரிமோட் ஆப்பை நீக்கிவிட்டு, வேறு ஒரு போனில் இருந்து வங்கி பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தப்பான ஆப்கள் அல்ல. கம்பெனிகளில் ஐடி ஆட்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் வரும் எண்ணை ஒருவரிடம் சொல்லி அனுமதி கொடுத்தால், உங்கள் திரையில் தெரியும் ஓடிபி உட்பட எல்லாம் அவருக்கும் தெரியும். நீங்களாகத் தெரிந்து அழைத்த ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.

மாமாவின் 14,000 ரூபாயை 1930-ஐ அழைப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். 9,500 ரூபாய் போய்ச்சேர்ந்த கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் நடைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாரக் கூலியை அத்தையின் நகையை அடகு வைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பேரணாம்பட்டு போய் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோது 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றுதான் இருந்தது. விண்டோஸ் அப்டேட்டில் இன்டெல் டிரைவர் காத்துக்கொண்டிருந்தது. இறங்கி, ஏறி, ரீஸ்டார்ட் ஆக இருபது நிமிஷம். மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஜிஎஸ்டி பக்கத்தைத் திறந்து, அடியில் இருந்த பட்டனை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிபியுவின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, மார்க்கரில் 1930 என்று எழுதிவைத்தார்.